நீர்நிலைப் பெயர்களும் படமாக்கலும்: ஸ்கொட்லாந்தின் கேலிக் பெயர்ப் பதிவு பற்றிய விடய ஆய்வு

புவியியல் – படவேலையும் வெளிக்கள ஆய்வும்

இப்பாடத்தைக் கற்றதன் பின்னர் மாணவர்கள்,

• இடவிளக்கப் படத்தில் இடப்பெயர்கள் பெறும் முக்கியத்துவத்தை விளக்குவர்.
• ஸ்கொட்லாந்தின் ஏரி, ஓடைப் பெயர்கள் பதிவு செய்யப்பட்ட முறையைப் படிமுறையாக எடுத்துரைப்பர்.
• பெயர்ப் பதிவில் ஏற்படும் வழுக்களை வகைப்படுத்திக் காட்டுவர்.
• தமது பிரதேச நீர்நிலைப் பெயர்களை முறையாகப் பதிவு செய்யும் ஆற்றலைப் பெறுவர்.

1. அறிமுகம்

இடவிளக்கப் படமொன்றை வாசிக்கும்போது மாணவர்கள் சமவுயரக் கோடுகளையும் குறியீடுகளையும் அளவுத்திட்டத்தையும் கவனிக்கின்றனர். ஆனால் படத்தில் எழுதப்பட்டிருக்கும் பெயர்களைப் பலர் கவனிப்பதில்லை. பெயர்களும் தரவுகளே. உயரத்தை அளப்பதற்குக் கருவி உண்டு. தூரத்தை அளப்பதற்குச் சங்கிலி உண்டு. பெயரை அளப்பதற்குக் கருவி எதுவும் இல்லை. அதனை அறிந்த மனிதரிடம் கேட்டே பெறவேண்டும். அம்மனிதர் இறந்துவிட்டால் அல்லது ஊரைவிட்டுச் சென்றுவிட்டால் அத்தரவை மீண்டும் பெறமுடியாது.

வகுப்பில் இப்பகுதியைக் கற்பித்தபோது மாணவர் ஒருவர், “சேர், ஒரு சின்ன ஓடைக்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்பாடத்தின் முடிவில் அதற்கு விடை எழுதக்கூடியவராக ஒவ்வொரு மாணவரும் இருத்தல் வேண்டும்.

இவ்விடயத்தைக் கற்பதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஸ்கொட்லாந்து ஆகும். அங்கு 30,000இற்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள் உள்ளன. மேற்கிலும் வடக்கிலும் உள்ள உயர்நிலப் பகுதியிலும் தீவுகளிலும் அவற்றின் பெயர்களிற் பெரும்பாலானவை கேலிக் மொழியில் அமைந்தவை. ஆனால் அவற்றைப் படத்தில் எழுதியவர்களுட் பலர் ஆங்கிலம் பேசிய படையினர் ஆவர். பெயரைச் சொன்னவரின் மொழி வேறு. எழுதியவரின் மொழி வேறு. இவ்விடைவெளியே எமது ஆய்வுப் பொருளாகும்.

2. பின்னணி

2.1 கேலிக் மொழி

கேலிக், கெல்திக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அயர்லாந்தின் ஐரிஷ் மொழி இதன் நெருங்கிய உறவு மொழியாகும். கேலிக் அரிச்சுவடியில் 18 எழுத்துகளே உள்ளன. ஆனால் ஒலிகளோ அதைவிட அதிகம். எனவே இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஒலியைக் காட்டும் முறை உண்டு. இவ்வெழுத்து முறையை அறியாதவர் ஒரு பெயரைக் காதால் கேட்டுச் சரியாக எழுத முடியாது. எழுதியிருப்பதைப் பார்த்துச் சரியாக உச்சரிக்கவும் முடியாது.

1872ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு இடமளிக்கவில்லை. ஆகவே கேலிக் பேசிய பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே எழுதப் படித்தனர். பெயரை நன்கு அறிந்த பலருக்கு அதனை எழுதத் தெரியாத நிலை ஏற்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 130,000 பேர் கேலிக் மொழியில் ஏதோவொரு திறனைக் கொண்டிருந்தனர்.

2.2 படமாக்கலின் வரலாறு

• 1745ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில் யக்கோபைற் கிளர்ச்சி ஏற்பட்டது. 1746இல் கலோடன் போரில் அது முறியடிக்கப்பட்டது. உயர்நிலப் பகுதி பற்றிய நல்ல படம் படையினரிடம் இருக்கவில்லை. எனவே 1747 தொடக்கம் 1755 வரை வில்லியம் ரோய் என்பவர் முன்னின்று நடத்திய இராணுவ அளவை இடம்பெற்றது.

• 1791ஆம் ஆண்டில் ஓட்னன்ஸ் சேர்வே எனப்படும் பிரித்தானிய நில அளவை நிறுவனம் தோற்றம் பெற்றது.

• 1824இல் அயர்லாந்தில் தோமஸ் கொல்பியின் தலைமையில் 6 அங்குல அளவை தொடங்கியது. காணி வரி மதிப்பீடே அதன் பிரதான நோக்கமாகும்.

• 1840களில் ஸ்கொட்லாந்தில் 6 அங்குல அளவை தொடங்கப்பட்டது. முதற்பதிப்புப் படத்தாள்கள் 1880களின் தொடக்கத்தில் நிறைவடைந்தன. பயிர்ச்செய்கை நிலங்கள் 1850களின் நடுப்பகுதி முதல் 25 அங்குல அளவிலும் படமாக்கப்பட்டன. மலையும் தரிசும் 6 அங்குல அளவுடன் நின்றுவிட்டன.

2.3 அளவுத்திட்டமும் பெயர்களும்

பெயர்ப் பதிவு 6 அங்குல அளவையுடன் பெருமளவில் விரிவடைந்தமைக்குக் காரணம் அளவுத்திட்டமே. பின்வரும் கணிப்பை நோக்குக.

1 மைலுக்கு 1 அங்குலம் = 1:63,360
1 மைலுக்கு 6 அங்குலம் = 1:10,560

300 மீற்றர் நீளமான ஓடையொன்று,
1:63,360 படத்தில் 300,000 ÷ 63,360 = ஏறத்தாழ 4.7 மில்லிமீற்றர்.
1:10,560 படத்தில் 300,000 ÷ 10,560 = ஏறத்தாழ 28.4 மில்லிமீற்றர்.

4.7 மில்லிமீற்றர் கோட்டின் அருகே பெயர் எழுத இடமில்லை. 28 மில்லிமீற்றர் கோட்டின் அருகே தாராளமாக எழுதலாம். நீளம் 6 மடங்காகும்போது பரப்பு 36 மடங்காகும். எனவே முன்னர் பெயரின்றி விடப்பட்ட ஆயிரக்கணக்கான ஓடைகள், சிற்றேரிகள், ஊற்றுகளுக்கு இப்போது பெயர் கேட்கவேண்டிய தேவை ஏற்பட்டது.

கவனிக்க: இலங்கையில் நீண்டகாலம் பயன்பட்ட 1 அங்குலப் படத்தாள்களும் 1:63,360 அளவுத்திட்டத்தைக் கொண்டவையே. அங்குல – மைல் மரபு பிரித்தானியரால் இங்கு கொண்டுவரப்பட்டதாகும்.

3. பெயர்ப் புத்தகம்

அளவையாளர் தாம் கேட்ட பெயர்களைப் பெயர்ப் புத்தகம் எனப்படும் பதிவேடுகளில் எழுதினர். ஒவ்வொரு பக்கமும் ஐந்து நிரல்களைக் கொண்டது.

நிரல் 1: படத்தில் எழுதப்படும் பெயர்
நிரல் 2: அப்பெயர் எழுதப்படும் பல்வேறு வடிவங்கள்
நிரல் 3: அவ்வடிவங்களுக்கு ஆதாரமானவர் அல்லது ஆதாரமான ஆவணம்
நிரல் 4: அமைவிடம்
நிரல் 5: விபரக் குறிப்பு

பதிவு செய்யும் படிமுறை பின்வருமாறு:

(அ) அளவையாளர் நிலத்தில் நடந்து சென்று ஏரி, ஓடை, குன்று ஆகியவற்றை அளந்து வரைவர்.
(ஆ) அவற்றின் பெயர்களை உள்ளூரவரிடம் கேட்பர். பெரும்பாலும் மூவரின் ஆதாரம் பெறப்பட்டது.
(இ) பழைய படங்கள், காணிப் பத்திரங்கள் முதலியவற்றுடன் ஒப்பிடுவர்.
(ஈ) வேறுபட்ட வடிவங்கள் இருப்பின் அனைத்தையும் நிரல் 2இல் எழுதுவர்.
(உ) மேலதிகாரி பரிசோதித்து ஒரு வடிவத்தைத் தெரிவு செய்வார். அதுவே படத்தில் அச்சாகும்.

இங்கு மூன்றாவது நிரலே மிக முக்கியமானது. “யார் சொன்னார்?” என்பதை அது பதிவு செய்கின்றது. காணி உரிமையாளர், காணி முகாமையாளர், போதகர், பாடசாலை ஆசிரியர் ஆகியோரின் சொல்லுக்கு முதன்மை வழங்கப்பட்டது. ஆட்டிடையர், மீனவர், சிறு குத்தகை விவசாயி ஆகியோரின் சொல் அதற்கு அடுத்ததாகவே கருதப்பட்டது. ஆனால் மலையின் மறுபுறத்தில் ஓடும் சிற்றோடையின் பெயர் காணி உரிமையாளருக்குத் தெரிந்திருக்குமா? நாள்தோறும் மந்தையுடன் அதைக் கடந்து சென்றவருக்கே அது தெரியும். எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாது. பெயர்ப் பதிவின் அடிப்படைச் சிக்கல் இதுவேயாகும்.

ஸ்கொட்லாந்தின் பெயர்ப் புத்தகங்கள் இன்றும் எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்குரிய சேகரிப்பாக உள்ளன. இங்கிலாந்தின் நிலை வேறு. 1940இல் சவுத்தாம்ரன் நகரம் குண்டு வீச்சுக்கு இலக்கானபோது ஓட்னன்ஸ் சேர்வே அலுவலகம் எரிந்தது. இங்கிலாந்து மாவட்டங்கள் பலவற்றின் பெயர்ப் புத்தகங்கள் அதில் அழிந்தன. ஒரே பிரதியை ஓரிடத்தில் மாத்திரம் வைத்திருப்பதன் ஆபத்தை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

4. பெயரின் அமைப்பு

கேலிக் நீர்நிலைப் பெயர் பெரும்பாலும் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி நீர்நிலையின் வகையைக் கூறும். இரண்டாம் பகுதி அதன் சிறப்பைக் கூறும். தமிழில் “பெரியகுளம்” என்பதில் வகைச்சொல் இறுதியில் வருகின்றது. கேலிக்கில் அது முதலில் வரும்.

4.1 வகைச்சொற்கள்

லொக் – ஏரி; நிலத்தினுள் நுழைந்த நீண்ட கடற்குடாவும் ஆகும்
லொக்கன் – சிற்றேரி
அவின் – ஆறு
அவுல்ட் – ஓடை
கூக்கன் – மிகச் சிறிய ஓடை
எஸ் – நீர்வீழ்ச்சி
ஃபுவரன் – ஊற்று
இன்வர் – ஆற்று முகம்
கொரி – பனிக்கட்டியாற்றினாற் குடையப்பட்ட, கிண்ணம் போன்ற மலைப்பள்ளம்

கடைசிச் சொல்லைக் கவனிக்க. பனிக்கட்டியாற்று நிலவுருவங்களைக் கற்கும்போது நாம் பயன்படுத்தும் ‘கொறி’ என்ற ஆங்கிலக் கலைச்சொல் கேலிக் மொழியிலிருந்து பெறப்பட்டதாகும். கேலிக்கில் அதன் நேர்ப்பொருள் கொப்பரை என்பதாகும்.

4.2 சிறப்புச் சொற்கள்

மோர் – பெரிய. பெக் – சிறிய. தூ – கரிய. கியல் – வெள்ளை. ஊவனிய – பச்சை.

ஓர் ஏரியைப் பற்றிக் கூறும்போது “லொக் மோர்” என்பர். ஆற்றைப் பற்றிக் கூறும்போது “அவின் வோர்” என்பர். இரண்டும் “பெரிய” என்ற ஒரே சொல்தான். ஆறு என்ற சொல் பெண்பால் ஆதலால், அடுத்து வரும் சொல்லின் முதலொலி மென்மையடைந்து மகரம் வகரமாக மாறுகின்றது. இவ்விதியை அறியாத அளவையாளர் “மோர்” என்பதும் “வோர்” என்பதும் இரு வேறு சொற்கள் எனக் கருதுவதற்கு இடமுண்டு.

4.3 சில உதாரணங்கள்

• லொக் அன் எலன்: “தீவின் ஏரி”. கெயாங்கோம் மலைகளின் அடிவாரத்தில், அவிமோர் நகருக்கு அருகில் உள்ளது. ஏரியின் நடுவேயுள்ள சிறு தீவில் பாழடைந்த கோட்டையொன்று இன்றும் காணப்படுகின்றது.

• அவுல்ட் அ வுலின்: “ஆலையின் ஓடை”. பிரித்தானியாவின் மிக உயரமான மலையாகிய பென் நெவிஸ் (1,345 மீற்றர்) மலையின் வட சரிவின் கீழ் ஓடுகின்றது. நீர்விசையால் தானியம் அரைத்த ஆலை பற்றிய செய்தி பெயரில் உள்ளது.

• லொக்கன் ஊவனிய: “பச்சைச் சிற்றேரி”. கெயாங்கோம் மலைகளில் இப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றேரிகள் உண்டு. ஆகவே நிரல் 4 ஆகிய அமைவிடம் இன்றிப் பெயர் மட்டும் போதாது.

• லொக் லங்கவற்: லூயிஸ் தீவில் உள்ளது. லங்கவற் என்பது நோர்ஸ் மொழியில் “நீண்ட ஏரி” எனப் பொருள்படும். வைக்கிங் மக்கள் வைத்த பெயரின் முன், பின்னர் வந்த கேலிக் மக்கள் “லொக்” என்பதைச் சேர்த்தனர். எனவே முழுப்பெயரின் பொருள் “ஏரி நீண்ட ஏரி” என்பதாகும். ஒரே பெயரில் இரு குடியேற்றங்களின் வரலாறு படிந்துள்ளது.

• இன்வர்நெஸ்: “நெஸ் ஆற்றின் முகம்”. நகரத்தின் பெயர் நீரிலிருந்து பிறந்தமைக்கு உதாரணமாகும்.

5. பெயர்ப் பதிவில் ஏற்படும் வழுக்கள்

பரீட்சையில் அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுவாகும். ஐந்து வகைகளாக நினைவிற் கொள்க.

5.1 ஒலி வழு
கேலிக் ஒலி ஆங்கிலக் காதில் வேறாக ஒலித்தல். ஓடையைக் குறிக்கும் “அவுல்ட்” என்ற சொல் பல ஊர்ப்பெயர்களில் “ஓல்ட்” என ஆங்கில எழுத்தில் மாறியுள்ளது. ஓல்ட்பே என்பது “பேர்ச் மர ஓடை”. ஓல்ட்மோர் என்பது “பெரிய ஓடை”. நெயான் நகருக்கு அருகிலுள்ள ஓல்டேர்ன் என்ற ஊரின் பெயரில் இச்சொல், ஸ்கொட்ஸ் மொழியில் “பழைய” எனப் பொருள்படும் சொல்லின் எழுத்து வடிவத்தையே பெற்றுவிட்டது. படத்தை மட்டும் பார்ப்பவர் அதைப் பழைய ஊர் என எண்ணுவார். ஆனால் அங்கே மறைந்திருப்பது ஓர் ஓடையாகும்.

5.2 எழுத்து வழு
அக்காலத்தில் கேலிக் எழுத்திலக்கணம் இன்றுபோல ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கவில்லை. எனவே கேலிக் அறிந்த போதகரும் ஆசிரியரும் ஒரே பெயரை வெவ்வேறாக எழுதினர். நிரல் 2 இதனாலேயே தேவைப்பட்டது.

5.3 தகவலாளர் வழு
பொருத்தமற்றவரிடம் கேட்டல். சமூக அந்தஸ்தை அறிவின் அளவுகோலாகக் கொண்டமை இதற்குக் காரணமாகும்.

5.4 அமைவிட வழு
பெயர் சரியாக இருந்தும் தவறான ஓடையின் அருகே எழுதப்படுதல். ஒரு ஏரியில் பல ஓடைகள் விழும் இடங்களில் இவ்வழு எளிதில் ஏற்படக்கூடியது.

5.5 கால வழு
பிந்திக் கேட்டல். இது திருத்தமுடியாத வழு ஆகும். வடக்கே சதர்லாந்து மாவட்டத்தில் ஸ்ட்ராத்நேவர் என்ற பள்ளத்தாக்கு உண்டு. செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் 1814இலும் 1819இலும் வெளியேற்றப்பட்டன. 6 அங்குல அளவையாளர் சதர்லாந்தை அடைந்ததோ 1870ஐ ஒட்டிய காலத்திலாகும். அதாவது ஏறத்தாழ 50 ஆண்டுகளின் பின்னர். வெளியேற்றப்பட்டோர் கரையோரத்திலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்ந்து முதியோராகி மறைந்துகொண்டிருந்தனர். வெறுமையான பள்ளத்தாக்கில் ஓடைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அங்கிருக்கவில்லை.

6. வழுக்களைத் திருத்த எடுக்கப்பட்ட முயற்சிகள்

6.1 அயர்லாந்தின் முன்னுதாரணம்
1830இல் ஜோன் ஓடொனவன் என்ற ஐரிஷ் மொழி அறிஞர் அளவைப் பணியில் இணைக்கப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் பெயர்களைக் கேட்டு, பழைய கையெழுத்து நூல்களுடன் ஒப்பிட்டு, மூலவடிவத்தைக் கண்டறிந்தார். ஆயினும் படத்தில் அச்சானது ஆங்கில எழுத்துமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வடிவமாகும். மூலவடிவம் பதிவேட்டில் தங்கியது. ஸ்கொட்லாந்திலோ ஊர்ப்பெயர்கள் ஆங்கிலமயப்பட்டாலும், மலை, ஓடை, சிற்றேரி போன்றவற்றின் பெயர்கள் பெருமளவு கேலிக் எழுத்திலேயே அச்சாகின. இவ்வேறுபாட்டை ஒப்பீட்டு வினாக்களில் பயன்படுத்துக.

6.2 உள்ளூர் அறிஞரின் உதவி
வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் வரி அதிகாரியாகக் கடமையாற்றியவரும் வாய்மொழி வழக்குகளைச் சேகரித்தவருமான அலெக்சாண்டர் கார்மைக்கல் (1832–1912) போன்றோர் பெயர் சேகரிப்பில் அளவையாளருக்கு உதவினர். 1890களில் அரச ஸ்கொட்டிஷ் புவியியற் கழகம் கேலிக் பெயர்களைப் பரிசீலிப்பதற்கெனக் குழுவொன்றை அமைத்தது.

6.3 ஏரிகளின் ஆழ அளவை
பெயர் மட்டுமன்றி ஏரியின் அடித்தளமும் அறியப்படாமலே இருந்தது. சேர் ஜோன் மறே, லோறன்ஸ் புலார் ஆகியோர் 1897 தொடக்கம் 1909 வரை 562 ஏரிகளின் ஆழத்தை அளந்தனர். லோறன்ஸ் புலாரின் மகன் பிரெட்றிக் இவ்வேலையைத் தொடக்கியவர்களுள் ஒருவர். 1901இல் உறைந்த ஏரியொன்றில் பனி உடைந்து வீழ்ந்தோரைக் காப்பாற்ற முயன்றபோது அவர் உயிரிழந்தார். மகனின் நினைவாகத் தந்தை அவ்வேலையை நிறைவு செய்வித்தார். மோரார் ஏரி 310 மீற்றர் ஆழமுடையது என்பது இவ்வளவையின் மூலம் வெளிவந்த உண்மைகளுள் ஒன்றாகும்.

6.4 கல்விசார் ஆய்வு
வில்லியம் ஜே. வொட்சன் 1926இல் ஸ்கொட்லாந்தின் கெல்திக் இடப்பெயர்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்கொட்டிஷ் ஆய்வுகளுக்கான கூடம் தோன்றியது. அங்கு முதியோரின் உச்சரிப்பு ஒலிநாடாவிற் பதிவு செய்யப்பட்டது. எழுத்தில் தவறியதை ஒலியிற் காப்பது இதன் பயனாகும்.

6.5 தற்கால நடைமுறை
2000ஆம் ஆண்டில் ஓட்னன்ஸ் சேர்வே கேலிக் பெயர்களுக்கான கொள்கையொன்றை வகுத்தது. அதனோடிணைந்து அமைந்த ஆலோசனைக் குழுவே பின்னர் “அன்மன் ஆட்ச்ச ந ஹாலப” என்னும் கேலிக் இடப்பெயர் அமைப்பாக வளர்ந்தது. 2005இல் கேலிக் மொழிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2025ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து மொழிகள் சட்டம் கேலிக் மொழிக்கு உத்தியோகபூர்வ அந்தஸ்தை வழங்கியது.

7. பெயர்கள் தரும் புவியியற் சான்றுகள்

• தாவரம்: பைன் மரத்தின் பெயரைக் கொண்ட ஓடைகள் இன்று மரமற்ற தரிசில் ஓடுவதுண்டு. முன்னைய காட்டுப் பரம்பலுக்கு இது சான்றாகும்.
• விலங்கு: ஓநாயையும் குறிக்கக்கூடிய “மதக்” என்ற சொல் ஓடைப் பெயர்களில் உண்டு. ஸ்கொட்லாந்தில் ஓநாய் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன.
• நிலப்பயன்பாடு: “ஆரி” என்பது கோடைகால மேய்ச்சற் குடிலைக் குறிக்கும். அச்சொல் உள்ள ஓடையருகே மக்கள் கோடையில் மந்தைகளுடன் தங்கினர் என அறியலாம்.
• நீர்நிலை மாற்றம்: 1943இல் அமைக்கப்பட்ட வட ஸ்கொட்லாந்து நீர்மின் சபை பல பள்ளத்தாக்குகளில் அணைகளைக் கட்டியது. 1950களின் தொடக்கத்தில் முல்லர்டொக் அணையினால் நீர்மட்டம் உயர்ந்தபோது முல்லர்டொக், லுங்காட் என்ற இரு ஏரிகள் ஒரே நீர்ப்பரப்பாயின. அந்நீர்ப்பரப்பு முல்லர்டொக் என்றே அழைக்கப்படுகின்றது. பழைய படம் இல்லாவிடின் இரண்டு ஏரிகள் இருந்தன என்பதே தெரியவராது.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: “படமாக்கல் கேலிக் இடப்பெயர்களை அழித்தது.” இக்கூற்றை ஆராய்க. (10 புள்ளிகள்)

பல மாணவர்கள் இவ்வாறான வினாவுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். “ஆராய்க” என்றால் இரு பக்கமும் எழுதி முடிவு கூறல் வேண்டும்.

விடை: இக்கூற்று ஓரளவுக்கே உண்மையாகும். ஊர்ப்பெயர்கள் பல ஆங்கில எழுத்துமுறைக்கு மாற்றப்பட்டமை, ஓல்டேர்ன் போன்ற பெயர்களில் மூலப்பொருள் மறைந்தமை, சாதாரண மக்களின் சொல்லுக்கு இரண்டாமிடம் வழங்கப்பட்டமை என்பன கூற்றுக்குச் சார்பானவை. எனினும் சிற்றேரிகள், ஓடைகளின் பெயர்கள் பெருமளவு கேலிக் வடிவில் அச்சாகின. பெயர்ப் புத்தகங்கள் மாற்று வடிவங்களையும் சொன்னவரையும் பதிந்து வைத்ததனால் பிற்கால அறிஞரால் திருத்தம் செய்ய முடிந்தது. மேலும் பெயர்கள் அழிந்தமைக்கு மக்கள் வெளியேற்றம், கல்வியில் மொழி புறக்கணிக்கப்பட்டமை ஆகியனவும் காரணங்களாகும். படமாக்கல் சில பெயர்களைச் சிதைத்தது. அதேவேளை, மக்கள் அகன்ற பின் மறைந்திருக்கக்கூடிய பல பெயர்களைக் காத்தது என முடிவு செய்யலாம்.

இப்போது அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். சின்ன ஓடைக்குப் பெயர் இல்லாவிட்டால் நீர் குறையாது. ஆனால் அங்கு ஆலை இருந்ததும், மந்தை மேய்ந்ததும், காடு இருந்ததும் தெரியாமற் போகும். காணாமற் போனவரைத் தேடும்போது எந்த ஓடை என்று சொல்ல முடியாது. அங்கு வாழ்ந்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றும் ஒன்று குறையும்.

9. பயிற்சி வினாக்கள்

01. பெயர்ப் புத்தகத்தின் ஐந்து நிரல்களையும் குறிப்பிடுக. (05 புள்ளிகள்)
02. 450 மீற்றர் நீளமான ஓடையொன்று 1:10,560 படத்தில் எத்தனை மில்லிமீற்றர் நீளமாகக் காணப்படும்? (02 புள்ளிகள்)
03. “லொக் லங்கவற்” என்ற பெயர் இரு குடியேற்றங்களுக்குச் சான்றாவதை விளக்குக. (04 புள்ளிகள்)
04. அயர்லாந்தினதும் ஸ்கொட்லாந்தினதும் பெயர்ப் பதிவை ஒப்பிடுக. (06 புள்ளிகள்)
05. “கால வழு திருத்தமுடியாதது.” உதாரணத்துடன் விளக்குக. (05 புள்ளிகள்)

(வினா 02இற்கான விடை: ஏறத்தாழ 42.6 மில்லிமீற்றர்)

10. வெளிக்களச் செயற்பாடு

உமது கிராமத்திலுள்ள குளம், வாய்க்கால், ஓடை, கேணி ஆகியவற்றுள் பத்தைத் தெரிவு செய்க. அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல்கள் வரைக. ஒவ்வொரு பெயருக்கும் மூவரிடம் கேட்க. அவர்களுள் ஒருவராவது எழுபது வயதைக் கடந்தவராக இருத்தல் வேண்டும். ஒருவராவது வயலிலோ மேய்ச்சலிலோ மீன்பிடியிலோ ஈடுபட்டவராக இருத்தல் வேண்டும். அவர்கள் சொல்லும் வடிவத்தை நீர் திருத்தாது, சொன்னபடியே எழுதுக. வேறுபட்ட வடிவங்கள் கிடைப்பின் எல்லாவற்றையும் எழுதுக. ஒரே பிரதியுடன் நின்றுவிடாது மற்றொரு பிரதியைப் பாடசாலை நூலகத்திற்கு வழங்குக.

பரீட்சைக்கு இன்னும் நாட்கள் உண்டு எனப் பலர் இதனைப் பிற்போடுவர். பாடத்தை நாளையும் படிக்கலாம். முதியவரிடம் இன்றே சென்று கேட்பது நன்று.